கம்ப்யூட்டர் கத்தினால்: கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து நேற்றுவரை இல்லாத ஒரு சத்தம் இன்று வந்தால் உடனே திருப்புளியைத் தேட வேண்டாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். அந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். சத்தத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், ஒருவர் 'கர்ர்' என்பதை அடுத்தவர் 'கிர்ர்' என்பார், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் "ஆன் பண்ணதும் அஞ்சு நிமிஷம் கத்துது, அப்புறம் அடங்கிடுது" என்று யாராவது சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

கீழே சொல்லியிருப்பது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் கம்ப்யூட்டருக்கென்று தனியாகச் சில எதிரிகள் உண்டு. அறுவடைச் சுணை, உமி, பல்லி, குளவி, ஏறி இறங்கும் கரண்ட், கடலோரமாக இருந்தால் உப்புக் காற்று. இவற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சத்தங்களில் பெரும்பாலானவை தூசும் ஃபேனும் சம்பந்தப்பட்டவை, ஒரு பிரஷ்ஷும் அரை மணி நேரமும் போதும். ஒரே ஒரு சத்தம்தான் அவசரம்: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரே சீராக வரும் 'டக்... டக்... டக்'. உங்களுக்குக் கேட்பது அதுதான் என்று சந்தேகம் இருந்தால் நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டி நேராக ஹார்ட் டிஸ்க் பகுதிக்குப் போய்விடுங்கள்.

சத்தம் பெட்டியிலிருந்துதான் வருகிறதா?

கேட்கும்போது சிரிப்பாக இருக்கும். ஆனால் "சிபியு கத்துது" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள், போய்ப் பார்த்தால் பெட்டி அமைதியாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் யுபிஎஸ்தான் கத்திக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டுச் சுவரில் சுவிட்சையும் அணையுங்கள். ஃபேன், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சத்தம் அப்போதும் வந்தால் அது கம்ப்யூட்டரே இல்லை. ராத்திரியில் 'டிக் டிக் டிக்' என்று வருவது பல நேரம் பெட்டிக்குள் குடியேறிய பல்லி. பின்பக்கத்தில் கார்டு போடாத இடத்தின் தகடு விழுந்துபோய் ஓட்டை இருந்தால் அந்த வழியாகத்தான் உள்ளே போகும், உள்ளே சூடு இருப்பதால் முட்டையும் வைக்கும்.

அடுத்தது யுபிஎஸ். கரண்ட் போனதும் சில விநாடிக்கு ஒருமுறை பீப் அடிக்கும், பேட்டரி தீரப்போகிறது என்றால் வேகமாக அடிக்கும், இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: கரண்ட் போகாமலே உள்ளே 'டிக்... டிக்' என்று ஏதோ தட்டும். வோல்டேஜ் இறங்கும்போதும் ஏறும்போதும் அதைச் சரிக்கட்ட யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே மாறுகிற சத்தம் அது. வயல் பக்கம் பம்ப்செட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் தெருவில் வோல்டேஜ் விழும், அப்போது இந்த டிக் டிக் நிறைய கேட்கும். எப்போதாவது வந்தால் கவலை இல்லை. நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி லைன் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டரைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

ஸ்பீக்கரையும் சந்தேகப்படுங்கள். 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் இருந்தால் ஸ்பீக்கரின் பவரை அணைத்துப் பாருங்கள், போய்விட்டால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, வெறுங்காலோடு தரையில் நின்றுகொண்டு கேபினட்டின் இரும்பைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? அப்படியென்றால் எர்த் சரியில்லை. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (பெட்டிக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை) இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்த இரும்பில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் ஜிவ்வென்பதோடு போய்விடும், ஆனாலும் அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அடாப்டரில் செருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். கோடையில் நம் களிமண் வெடித்துக் காயும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும், உப்பும் கரியும் போட்டிருக்கிறதா என்று பார்த்து நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

எப்போது வருகிறது?

சரி, சத்தம் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகிவிட்டது. இப்போது ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்த சில நிமிடம் மட்டும் 'கர்ர்ர்' என்று முனகிவிட்டு அடங்குகிறது, மார்கழிக் காலையில் இன்னும் மோசம் என்றால், ஃபேன் பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டது. சூடேறியதும் கொஞ்சம் இளகி ஓடுகிறது. இந்த ஃபேன் இன்னும் சில மாதம் ஓடும், அதற்குள் ஒன்று வாங்கி வையுங்கள்.

வீடியோ எடிட் செய்யும்போதும் கேம் விளையாடும்போதும் மட்டும் 'ஊஊ' என்று காற்றுச் சத்தம் ஏறுகிறது, நிறுத்தியதும் இறங்குகிறது என்றால் அது நோய் இல்லை, சூட்டைத் தள்ள ஃபேன் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் போன வருஷம் இதே வேலைக்கு இவ்வளவு கத்தவில்லையே என்றால் தூசு அடைத்திருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும்போது கத்துகிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது சிபியுவை, அதாவது பிராசசரை, தின்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பெயரே புரியாத ஏதோ ஒன்று எந்நேரமும் எண்பது தொண்ணூறு சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தால் வைரஸ் ஸ்கேன் போடுங்கள்.

ஃபைல் காப்பி செய்யும்போது, பெரிய ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் 'கர் கர்' என்றால் ஹார்ட் டிஸ்க். மவுஸை உருட்டும்போது, பக்கம் மேலே கீழே நகரும்போது மெலிதாகக் 'கீ...' என்றால் காயில், அதாவது கம்பிச்சுருள், போடும் சத்தம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எஸ்எம்பிஎஸ் உறுமினால், உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை இல்லை என்று அர்த்தம். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்களில் சீலிங் ஃபேனும் இதே மாதிரி உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் பல நாள் கரண்டே இல்லாமல் ஜெனரேட்டரை நம்பி இருந்தோமே, அந்த மாதிரிச் சமயத்தில் எஸ்எம்பிஎஸ் உறுமினால் கம்ப்யூட்டரை அணைத்து வைப்பதுதான் நல்லது. டைப் செய்ய வேண்டிய மனு ஒரு நாள் காத்திருக்கும்.

திறக்காமலே ஒரு சோதனை

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையை விரித்துப் பக்கவாட்டுத் தகட்டின் மேல் அழுத்துங்கள். சத்தம் நின்றுவிட்டதா? கையை எடுத்ததும் திரும்ப வருகிறதா? தகடு அதிர்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 தடவை சுழல்கிறது, அந்த அதிர்வு மெல்லிய தகட்டில் ஏறி 'ம்ம்ம்' என்று பெரிதாகக் கேட்கும். பின்னால் இருக்கும் ஸ்க்ரூ ஒன்று விழுந்திருக்கும், இல்லை தளர்ந்திருக்கும். முடுக்கிவிடுங்கள். முடுக்கியும் அதிர்ந்தால் பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டு ஸ்க்ரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் வாஷராகக் கொடுங்கள். பஞ்சர் கடையில் டியூப் துண்டு சும்மாவே கிடைக்கும். கேபினட்டின் ரப்பர் கால் ஒன்று உதிர்ந்து போய்ப் பெட்டி ஆடினாலும் இதே சத்தம்தான், அங்கேயும் அதே டியூப் துண்டு.

திறந்து கேட்பது

அணையுங்கள், பவர் வயரை உருவுங்கள், பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் கரண்டை வெளியேற்றுங்கள். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது பக்கத் தகடுதான் பெரும்பாலான கேபினட்டுகளில் கழற்ற வேண்டியது. இரண்டு ஸ்க்ரூ, பின்னால் இழுத்தால் வந்துவிடும். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாடிக் இறங்கிவிடும்.

திறந்ததும் கண்ணால் பாருங்கள். ஒரு வயர் தளர்ந்து ஃபேன் இறக்கையை உரசிக்கொண்டிருக்கிறதா? 'தட்தட்தட்' சத்தத்தில் பாதிக் காரணம் இதுதான், ஒரு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினால் முடிந்தது. வயர் தோல் உரிந்திருந்தால், பெட்டியின் மூலையில் அரிசியும் பேப்பர் துணுக்கும் கிடந்தால் எலி வந்து போகிறது. அப்படியானால் தோல் உரிந்த வயரை மாற்றாமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.

இப்போது தகடு இல்லாமலே திரும்ப ஆன் செய்து கேட்கலாம். துப்பட்டா, தாலிச்சரடு, நீளமான சட்டைக் கை, முடி எல்லாம் தள்ளியிருக்கட்டும், குழந்தைகளும்தான். பழைய நாள்காட்டித் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு பாகத்துக்கு அருகிலும் வைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் சத்தம் கூடுகிறது என்று அழகாகத் தெரிந்துவிடும். மெக்கானிக்குகள் திருப்புளியை மோட்டார் மேல் வைத்துக் கைப்பிடியில் காது கொடுப்பார்கள் அல்லவா, அதை இங்கே செய்யாதீர்கள். கரண்ட் ஓடும் மதர்போர்டுக்கு மேல் இரும்பை நீட்டுவது ஆபத்து, நழுவினால் போர்டு காலி. வேண்டுமானால் மரக்கரண்டிக் காம்பை ஹார்ட் டிஸ்க்கின் ஓரத்தில் வைத்துக் கேளுங்கள்.

எந்த ஃபேன் என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் இருக்கும் சுழலும் பகுதியில் மெதுவாக அழுத்தி இரண்டு மூன்று விநாடி நிறுத்திப் பாருங்கள். இறக்கையில் குச்சியை விடக் கூடாது, உடைந்துவிடும். சத்தம் நின்றால் அந்த ஃபேன்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பிவலைக்குள் மட்டும் எந்தக் குச்சியையும் விடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னொரு விஷயம்: இப்போதைய பல கார்டுகளில் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் தானே நின்றுவிடும், சூடேறினால் திரும்ப ஓடும். நின்று நின்று ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஃபேன்

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையின் கணக்கு அறையில் இருந்த கம்ப்யூட்டர் நாள் முழுக்க 'ஊஊ' என்று இரைந்துகொண்டே இருக்கும், மதியம் ஆனால் தானாக அணைந்துவிடும். ஃபேன் மாற்றியிருக்கிறார்கள், சத்தம் அப்படியே. பிராசசர் ஃபேனைத் தூக்கிப் பார்த்தபோது அதற்குக் கீழே அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. உமித்தூளும் தவிடும் சேர்ந்து இறுகி ஒரு கம்பளி மாதிரி மூடியிருந்தது, ஓரத்தில் நகத்தால் நெம்பியதும் ஒரே துண்டாக வந்தது, அதன் அடிப்பக்கத்தில் தகடுகளின் கோடு கோடான அச்சு பதிந்திருந்தது. மேலே ஃபேன் என்ன வேகத்தில் ஓடினாலும் காற்று கீழே போகவே வழியில்லை. புது ஃபேன் கத்தியதும் அதனால்தான்.

ஆலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தை, மாசியில் சம்பா அறுவடை மிஷின் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வயலில் இறங்கினால் அந்தச் சுணை வீட்டுக்குள் வரும், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றினால் வரும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை நார்த்தூள். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை சுத்தம் செய்யுங்கள். ஒன்று சம்பா அறுவடை முடிந்த பிறகு, கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன். இன்னொன்று குறுவை அறுவடை முடிந்து மழை பிடிப்பதற்கு முன்.

சுத்தம் செய்வது இப்படி. பெட்டியை வாசலுக்கோ மாடிக்கோ தூக்கிப் போங்கள், அறைக்குள் செய்தால் அந்தத் தூசு திரும்ப அதற்குள்ளேயே போகும். ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ், புதிதாக வாங்கியது, பெயின்ட் தொடாதது. ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இறக்கையாகத் துடையுங்கள். கையடக்க ப்ளோயர் இருந்தால் நல்லது, ஆனால் ஊதும்போதும் இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது தாறுமாறான வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும், அப்படிச் சுழலும்போது ஃபேனே கரண்டை உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும். பஞ்சர் கடைக் கம்ப்ரெஸரில் பிடித்துவிடலாம் என்று சிலர் தூக்கிக்கொண்டு போவார்கள். வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீர்த் துளியும் எண்ணெயும் சேர்ந்து வரும், அழுத்தமும் அதிகம். வாக்குவம் கிளீனரும் உள்ளே வேண்டாம், ஸ்டாடிக் உண்டாகும்.

பிராசசர் மேல் இருக்கும் கூலரைக் கழற்றாமலே பிரஷ் விட்டு எடுக்க முடிந்தால் அப்படியே எடுங்கள். இன்டெல்லோடு வரும் பல கூலர்களில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும், புதியவர்கள் கையில் அது உடைவது சகஜம். கூலரைத் தூக்கிவிட்டால், பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்துத்தான் திரும்ப உட்கார வைக்க வேண்டும். வெறும் ஃபேனை மட்டும் தனியாகக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தால் பேஸ்ட் பிரச்சினை இல்லை.

சுத்தம் செய்த பிறகும் 'கரகர' என்று அரைத்தால் பேரிங் போய்விட்டது. இங்கே எண்ணெய் வைத்தியம் ஒன்று உண்டு: நடு ஸ்டிக்கரைத் தூக்கி ஒரு சொட்டு. தையல் மிஷின் எண்ணெய் என்றால் சில வாரம், சில மாதம் ஓடலாம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது கெட்டியாகித் தூசையும் பிடித்துக்கொண்டு இரண்டு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். என்னைக் கேட்டால் எண்ணெயே வேண்டாம். கேபினட் ஃபேன் சில நூறு ரூபாய்தான். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், ஏனென்றால் 80, 92, 120 மில்லிமீட்டர் என்று அளவு மாறும், வயர் முனையும் மூன்று பின், நான்கு பின் என்று மாறும். மாட்டும்போது திசை முக்கியம். ஸ்டிக்கரும் குறுக்குக் கால்களும் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். முன் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின் ஃபேன் வெளியே தள்ள வேண்டும்.

பின் ஃபேனில் குளவி மண்கூடு கட்டியிருந்தால், ரொம்ப நாள் ஓடாமல் இருந்த கம்ப்யூட்டரில் இது நடக்கும், ஆன் செய்யாதீர்கள். மண் உடைந்து இறக்கைக்குள் விழும், போர்டு மேலும் விழும். ஃபேனையே கழற்றி வெளியே வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள். திறந்து கிடக்கும் ஓட்டைகளை ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைத் துண்டால் அடைக்கலாம். முன் பக்கக் காற்று வரும் வழியிலும் அதைப் போட்டால் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், கழுவாவிட்டால் வலையே அடைத்துக்கொண்டு பெட்டி மூச்சு முட்டிப்போகும். மரக் கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்று ஒரு பெட்டி அறை செய்து பின்பக்கத்தைப் பலகையால் அடைத்திருப்பார்கள் பாருங்கள், அந்தப் பலகையை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்

சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, அதனால் இந்தப் பகுதி சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். உள்ளே தட்டு சுழல்கிறது, அதன் மேல் படிக்கும் ஹெட் ஒரு சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஆன் செய்யும்போது ஒரு 'ஊய்ங்', படிக்கும்போது மெல்லிய 'கர் கர்', எப்போதாவது ஒரு 'டிக்', இதெல்லாம் இயல்பு.

இயல்பில்லாதது: ஒரே தாளத்தில் 'டக்... டக்... டக்', கூடவே திரை உறைந்து நிற்பது. அல்லது சுழல ஆரம்பித்து நின்று, திரும்ப ஆரம்பித்து நிற்பது. அல்லது 'கிரீச்' என்று உரசல். ஹெட் தான் தேடுவது கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்கு வந்து போகும் சத்தம்தான் அந்த டக் டக். உரசல் கேட்டால் தட்டையே ஹெட் சுரண்டிக்கொண்டிருக்கலாம், அப்போது ஒரு விநாடிகூட ஓட விடாமல் அணைத்துவிடுங்கள்.

டக் டக் மட்டும் வருகிறது, ஃபைல்கள் இன்னும் திறக்கின்றன என்றால் உடனே வெளி டிஸ்க் ஒன்றைச் செருகிக் காப்பி செய்ய ஆரம்பியுங்கள். மொத்த டிஸ்க்கையும் அப்படியே இழுக்காதீர்கள், திரும்பக் கிடைக்காததை முதலில். கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனின் கம்ப்யூட்டரில் இது நடந்தது. "ரெண்டு வாரமா இப்படித்தான் தம்பி சத்தம் போடுது, ஓடத்தானே செய்யுதுன்னு விட்டுட்டேன்" என்றார். "அண்ணே, இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணம் எது எது, அந்த ஃபோல்டரை மட்டும் காட்டுங்க" என்றேன். அவை மட்டும் வந்துசேர்ந்தன. பழைய கல்யாணங்களை இழுக்கும்போது பாதியில் டிஸ்க் கம்ப்யூட்டருக்கே தெரியாமல் போனது, அப்புறம் வரவே இல்லை.

காப்பி முடிவதற்கு முன் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக் டிஸ்க், ஃபைல்களை அடுக்கி வைக்கும் டிஃப்ராக் எதையும் ஓட்டாதீர்கள், சாகப்போகும் டிஸ்க்கைப் பிடித்து ஓடச் சொல்வது அது. ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாமே கேடு. காப்பி முடிந்த பிறகு டேட்டா கேபிளையும் பவர் வயரையும் மாற்றிச் சோதியுங்கள், சில சமயம் தளர்ந்த பவர் வயர்தான் டிஸ்க்கை நின்று நின்று ஓட வைத்திருக்கும்.

சத்தம் சந்தேகமாக மட்டும் இருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு போய்விட்டது. கீழே வரும் பட்டியலில் 05 என்ற வரியும் சி5 என்ற வரியும் முக்கியம். முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னச் சேமிப்புத் துண்டுகள். இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. எண்கள் ஹெக்ஸ் முறையில், பத்துக்குப் பதில் பதினாறை வைத்து எண்ணும் முறையில், இருக்கும், 10 என்று இருந்தால் அது 16. பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. சின்ன எண்ணாக இருந்து மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் கண்காணிக்கலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்குங்கள். நீலமாக இருக்கிறதே என்று டக் டக் சத்தத்தை அலட்சியம் செய்ய வேண்டாம், காதில் கேட்பதுதான் பெரிய சாட்சி.

எஸ்எம்பிஎஸ்

இதில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெளியிலிருந்து பிரஷ்ஷால் தூசை எடுக்கலாம், அவ்வளவே. மூடியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக மாறிக் கெபாசிட்டரில் நிற்கிறது, வயரை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். ஃபேன் கரகரத்தாலும், உள்ளே குளவிக்கூடோ செத்த பல்லியோ தெரிந்தாலும் கடையில் கொடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள். 'டப்' என்று வெடித்துக் கருகல் வாடை வந்தால் கேபினட் பட்டனைத் தேட வேண்டாம், சுவர் சுவிட்சை அணையுங்கள். "ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பீப் அடித்துக்கொண்டு திரை வராமல் இருந்தால்

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நிறைய வரும் புகார் இது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் வருடம் முழுக்க வரும். பீப் எண்ணிக்கைக்கு அர்த்தம் போர்டுக்குப் போர்டு மாறும், போர்டோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆனால் விட்டு விட்டு நீளமாக அடித்தால் ரேம் என்ற மெமரி கார்டு மேல்தான் முதல் சந்தேகம். அணைத்து, வயரை உருவி, ரேமின் இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து எடுங்கள். அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பட்டைகளில் ஈரக்காற்றும் உப்பும் சேர்ந்து மங்கலாகப் படிந்திருக்கும். பிள்ளைகளின் அழிரப்பரால், வெள்ளை ரப்பரால், மெதுவாகத் தேயுங்கள், துகளைத் தட்டிவிடுங்கள், பட்டையில் விரல் படாமல் திரும்ப வைத்துக் கொக்கி 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பத்தில் பல தடவை இதிலேயே திரை வந்துவிடும்.

மெல்லிய 'கீ...'

காயில் சத்தம் என்று சொன்னேனே, அது இதுதான். கிராஃபிக்ஸ் கார்டிலும் போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும் காயில்கள் கரண்டுக்கு ஏற்ப நுணுக்கமாக அதிரும் சத்தம். எரிச்சலாக இருக்கும், கெடுதல் இல்லை. கேமில் ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தால் பெரும்பாலும் குறையும். புதிதாக வாங்கிய கார்டு தாங்க முடியாமல் கத்தினால் வாரண்டியில் மாற்றக் கேட்டுப் பாருங்கள், எல்லாக் கடையிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

கடையில் வைத்து ஆன் செய்தால் சத்தம் வராது, இது எழுதப்படாத விதி. அதனால் வீட்டிலேயே செல்போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், எந்த நேரத்தில் என்ன செய்யும்போது வந்தது என்று பேப்பரில் குறித்ததையும் எடுத்துப் போங்கள். பைக்கில் கொண்டுபோனால் பெட்டியைப் படுக்க வைத்துத் தலையணை கொடுங்கள், நம் ரோட்டுக் குழிகளில் கனமான கூலர் இருக்கும் போர்டு அதிர்வில் விரிசல் விடும். முக்கியமான டேட்டா இருக்கும் டிஸ்க்கை முடிந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஃபேன் சத்தத்தைப் பார்க்க உங்கள் குடும்பப் படங்கள் அவர்களுக்குத் தேவையில்லை. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள், புதிதாகப் போட்ட ஃபேனைக் கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுக் காதால் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.